கான்சர்ட் படம் பார்க்க வாளையாறு தாண்டுவோர்

2023 அக்டோபர் 19 அன்று விஜய் நடித்த ‘லியோ’ வெளியானபோது, தமிழ்நாட்டு ரசிகர்கள் முதல் காட்சிக்குக் காலை 9 மணி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே படம் தொடங்கிவிட்டது. அதனால் கோயம்புத்தூர்ப் பக்கத்து ரசிகர்கள் இரவோடு இரவாக வாளையாறு எல்லையைத் தாண்டிப் பாலக்காட்டுத் திரையரங்குகளில் வந்து நின்றார்கள். அடுத்த பதினைந்தாம் நாள், நவம்பர் 3 அன்று, அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘தி ஈராஸ் டூர்’ என்ற இசைநிகழ்ச்சிப் படம், அதாவது கான்சர்ட் படம், இந்தியாவில் வெளியானது. இத்தகைய படங்கள் பெரும்பாலும் மால்களுக்குள் இருக்கும் மல்டிப்ளெக்ஸ்களுக்கே வருகின்றன என்பதால், இந்த முறை பயணத்தின் திசை மாறியது. பாலக்காட்டு மாவட்டத்தின் எல்லைப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வேலந்தாவளத்திலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கிழக்கே கோவையைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மேற்கே திருச்சூர், கொச்சியைப் பார்க்க வேண்டும்.

அந்தப் படத்தில் வரும் பாடல்கள் எல்லாம் அவர்களுடைய கைபேசியில் ஏற்கெனவே இருக்கின்றன. மேடைக் காட்சிகளும் துண்டு துண்டாக யூடியூபில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் பேருந்து ஏறி, டிக்கெட் வாங்கி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஒரு அரங்கில் உட்கார்ந்து அவற்றையே மறுபடியும் கேட்பதற்குக் காரணம் என்ன என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்த வகைப் படம் எப்படி உருவாயிற்று, எப்படி விற்கப்படுகிறது, அரங்குக்குள் எப்படி இயங்குகிறது என்பதை எல்லாம் பார்க்க வேண்டும்.

மேடைப் பாட்டைப் படமெடுத்துத் திரையரங்கில் காட்டுவது புதிய வழக்கம் அல்ல. 1969ஆம் ஆண்டின் உட்ஸ்டாக் இசைவிழாவைப் பற்றிய படம் 1970இல் வெளிவந்து, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. மார்ட்டின் ஸ்கார்செசி, ‘தி பேண்ட்’ குழு 1976இல் நடத்திய பிரியாவிடை நிகழ்ச்சியைப் படமாக்கி 1978இல் வெளியிட்டார். ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவை வைத்து ஜோனதன் டெம்மி எடுத்து 1984இல் வெளியான படம், கூட்டத்தின் முகங்களைக் கடைசி வரை ஏறக்குறைய காட்டாமலே மேடையை மட்டும் நம்பி நின்றது. அந்தக் காலத்துப் படங்கள் நிகழ்ச்சிக்குப் போக முடியாதவர்களுக்கு ஓர் ஆவணத்தைக் கொடுத்தன. பார்ப்பவர்கள் அமைதியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

மாற்றம் 2008இல் தெரியத் தொடங்கியது. பாடகி மைலி சைரஸின் நிகழ்ச்சியை டிஸ்னி நிறுவனம் முப்பரிமாணத்தில் படமாக்கி, அமெரிக்காவில் 683 அரங்குகளில் மட்டும் வெளியிட்டது. அந்த வாரக் கடைசியிலேயே வசூல் 3 கோடி டாலரைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பங்கினர் சிறுமிகளும் அவர்களை அழைத்துவந்த தாய்மார்களும்தான். அடுத்த ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் மறைவுக்குப் பிறகு அவருடைய ஒத்திகைக் காட்சிகளைத் தொகுத்து வெளியிட்ட படம் உலக அளவில் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2011இல் ஜஸ்டின் பீபரின் படம் 10 கோடி டாலரை நெருங்கியது. தமிழுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு என்றால், ஏ.ஆர். ரஹ்மானின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை வைத்து 2017இல் வெளியான ‘ஒன் ஹார்ட்’ படத்தைச் சொல்லலாம். பலர் அதை அமைதியாகப் பார்த்து ரசித்தார்கள். ஆனால் அது இங்கே ஒரு திருவிழாவாக மாறவில்லை.

திருவிழா ஆக்கியவர்கள் கொரியர்கள். பிடிஎஸ் என்ற ஏழு பேர் பாடகர் குழு 2022 மார்ச் 12 அன்று சியோலில் நடத்திய நிகழ்ச்சி அன்றே 75 நாடுகளில் 3,711 அரங்குகளில் திரையிடப்பட்டது. வசூல் 3 கோடியே 26 லட்சம் டாலர். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று பூசான் நகரில் அந்தக் குழு நடத்திய நிகழ்ச்சி, 2023 பிப்ரவரியில் படமாக வந்தது. இடையில், டிசம்பரில், குழுவின் மூத்தவரான ஜின் கட்டாய இராணுவச் சேவைக்குப் போய்விட்டார். ஏழு பேரையும் ஒரே மேடையில் மறுபடியும் எப்போது பார்ப்போம் என்று தெரியாத நேரத்தில் வெளிவந்த அந்தப் படத்தை ரசிகைகள் வழியனுப்பு விழாவாகவே எடுத்துக்கொண்டார்கள். நேரமும் சூழலும் படத்தின் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்விஃப்டின் படம் வணிகத்தின் போக்கையே திருப்பியது. வழக்கமாக ஒரு படத்தை ஸ்டுடியோ வாங்கி, விளம்பரம் செய்து, திரையரங்குகளுக்குக் கொடுக்கும். ஸ்விஃப்ட் தரப்பு ஸ்டுடியோக்களை விட்டுவிட்டு, அமெரிக்காவின் மிகப் பெரிய திரையரங்கு நிறுவனமான ஏஎம்சியுடன் நேரடியாக உடன்பாடு செய்துகொண்டது. 2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சோஃபை விளையாட்டரங்கில் அடுத்தடுத்து நடந்த நிகழ்ச்சிகளில் சாம் ரெஞ்ச் இயக்கத்தில் படப்பிடிப்பு முடிந்தது. ஆகஸ்ட் 31 அன்று அறிவிப்பு வந்தது. அக்டோபர் 13 அன்று படமே வந்துவிட்டது. ஒரு படம் இத்தனை விரைவில் அரங்குக்கு வருவது அரிது. ஹாலிவுட்டில் அப்போது நடிகர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெரிய படங்கள் தள்ளிப்போயிருந்த அந்த இடைவெளியில் திரையரங்குகளுக்கு இந்தப் படம் பெரிய ஆறுதலாக அமைந்தது. அதே நாளுக்குக் குறித்திருந்த ஒரு பேய்ப் படம் தன் தேதியை ஒரு வாரம் முன்னால் நகர்த்திக்கொண்டது.

டிக்கெட் விலையில்கூட ரசிகைகளோடு பேசும் முறை இருந்தது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 19.89 டாலர் என்றும், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் 13.13 டாலர் என்றும் வைத்தார்கள். 1989 ஸ்விஃப்ட் பிறந்த ஆண்டு. அவருடைய ஓர் ஆல்பத்தின் பெயரும் அதுவே. 13 அவர் தமக்கு ராசியானது என்று சொல்லும் எண். இந்தக் குறிப்புகள் வெளியாளுக்கு ஒன்றுமில்லை. ரசிகைக்கோ டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதே நிகழ்ச்சி தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், உலக அளவில் 26 கோடி டாலரைத் தாண்டியது. வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டுமே காட்சிகள் என்று வைத்ததும் கவனிக்க வேண்டிய முடிவு. வாரம் முழுவதும் காட்சி வைத்தால் கூட்டம் சிதறும். காலி இருக்கைகளுக்கு நடுவில் யாரும் எழுந்து ஆட மாட்டார்கள். அரங்கு நிறைவதுதான் இந்த வகைப் படத்தின் உயிர் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்விஃப்டின் இந்தச் சுற்றுப்பயணம் இந்தியாவுக்கு வரவே இல்லை. ஆசியாவில் டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் மட்டும் நிகழ்ச்சிகள் நடந்தன; 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடினார். பாலக்காட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வரும் செலவை எந்த நடுத்தரக் குடும்பமும் பாட்டுக்காக நினைத்துப் பார்க்காது. 2025இல் எட் ஷீரன் சென்னைக்கு வந்தார். கோல்ட்பிளே மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்தது. உலகப் பாடகர்கள் இந்தியாவை இப்போது எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் எல்லைப் பகுதியில் இருப்பவருக்குச் சென்னையும் ஓர் இரவுப் பயணம்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைபேசியில் கேட்பதற்கும் அரங்கில் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. விளையாட்டரங்கில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, பாடகியின் உதடு அசைவதைக் கண் பார்த்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் மேடையின் ஒலி வந்து சேரும். இதைச் சரிசெய்ய இடையிடையே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்துவார்கள். ஆனாலும் எதிரொலியும் காற்றும் கூட்டத்தின் கூச்சலும் சேர்ந்து, பாட்டின் நுணுக்கங்களைக் கரைத்துவிடுகின்றன. நேரில் போனவர்கள் பலர் வரிகள் தெளிவாகக் கேட்கவில்லை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

படத்துக்கான ஒலிப்பதிவில் இந்தச் சிக்கல் இல்லை. மேடையில் உள்ள ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் ஒலி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கிளை மைதானத்து ஒலிபெருக்கிகளுக்குப் போகிறது. இன்னொரு கிளை தனித்தனித் தடங்களாகப் பதிவாகிறது. குரல் ஒரு தடம், கிட்டார் ஒரு தடம், டிரம்ஸுக்கு மட்டும் பல தடங்கள் என்று பிரிந்திருக்கும். இவற்றோடு, மேடை விளிம்பிலும் பார்வையாளர் மாடங்களிலும் வைக்கப்பட்ட மைக்குகள் கூட்டத்தின் ஒலியைத் தனியாகப் பிடிக்கின்றன. பிறகு ஒலிக்கலவை செய்பவர் குரலைத் திரைக்குப் பின்னால் உள்ள நடு ஒலிபெருக்கியில் நிறுத்தி, கூட்டத்தின் ஆரவாரத்தைப் பக்கச் சுவர்களுக்கும் பின்சுவருக்கும் அனுப்புகிறார். 2012இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் முறையில் 128 ஒலித்தடங்கள் வரையிலும் 64 ஒலிபெருக்கி இணைப்புகள் வரையிலும் கையாள முடியும். கூரையிலிருந்தும் ஒலி இறங்கும். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் பாடகியும் சுற்றிலும் எழுபதாயிரம் பேரும் இருப்பதுபோன்ற உணர்வு இப்படித்தான் கட்டப்படுகிறது. கூட்டத்தின் ஒலியை எவ்வளவு உயர்த்துவது என்பது அழகியல் முடிவு. அதிகம் உயர்த்தினால் பாட்டு மூழ்கும்; குறைத்தால் ஸ்டுடியோப் பதிவைக் கேட்பதுபோல் ஆகிவிடும்.

பல இரவுகளின் காட்சிகளை ஒரே பாட்டுக்குள் ஒட்ட முடிவதற்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இன்றைய பெரிய மேடைகளில் இசைக்கலைஞர்களின் காதுக் கருவிக்குள் ஒரே சீரான தாளச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு, திரைக்காட்சி, மேடை ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே வியாழக்கிழமை பாடிய பாட்டும் வெள்ளிக்கிழமை பாடிய பாட்டும் நொடிக்கு நொடி பொருந்திவரும். முதல் இரவில் கிடைத்த நெருக்கக் காட்சியையும் அடுத்த இரவில் கிடைத்த தூரக் காட்சியையும் தொகுப்பாளர் அடுத்தடுத்து வைக்கலாம். மேடையின் எல்இடி திரைகளைப் படமெடுக்கும்போது கோடுகள் ஓடாமலிருக்க, கேமராக்களின் வேகத்தையும் அந்தத் திரைகளின் வேகத்தையும் ஒன்றாகப் பூட்டவும் வேண்டும். கைபேசியில் எடுத்த காட்சிகளில் பின்னணித் திரை நடுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவு உழைப்பும் ஒரு சாதாரணக் காரியத்தால் வீணாகலாம். அரங்குகளின் ஒலிச் செயலியில் 7 என்ற குறிதான் தரமான அளவு. ஒலிக்கலவை செய்தவர் கேட்ட அதே உரப்பு அங்கேதான் கிடைக்கும். சத்தம் அதிகம் என்று சிலர் குறை சொல்வதால் பல அரங்குகளில் அதை 5 வரை இறக்கிவைத்துவிடுகிறார்கள். கதைப்படத்தில் இதனால் பெரிய இழப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கான்சர்ட் படத்திலோ, ஒலி இறங்கினால் பார்ப்பவருக்குத் தன் குரல் தனித்துக் கேட்கத் தொடங்கும். கூச்சம் வந்து பாடுவதை நிறுத்திவிடுவார். ஒருவர் நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவரும் நிறுத்துவார். அரங்க நிர்வாகிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது கவனம் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரங்குக்குள் பாடுவதும் ஆடுவதும் தமிழ்ப் பார்வையாளருக்கு யாரும் கற்றுக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம், காகிதம் கிழித்து வீசுவது, பாட்டு வந்ததும் திரைக்கு முன்னால் போய் ஆடுவது, ‘ஒன்ஸ்மோர்’ கேட்பது எல்லாம் நம் கொட்டகைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்தவை. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுவெளியீடு கண்டபோது, இருபது ஆண்டுப் பழைய பாடல்களுக்கு அரங்கமே எழுந்து ஆடியதை நாம் பார்த்தோம். ஆனால் அந்த மரபு பெரும்பாலும் ஆண்களுடையது. முதல் நாள் முதல் காட்சிக்குத் திரைக்கு முன்னால் ஆடியவர்களில் பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் வந்தால் குடும்பத்தோடு, இரண்டாவது வாரத்தில், பால்கனியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கான்சர்ட் படம் அந்த மரபைப் பெண்பிள்ளைகளின் கைக்கு மாற்றியிருக்கிறது. இதுதான் இந்த நிகழ்வில் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

அவர்கள் கொண்டாடும் முறையும் வேறு. ஸ்விஃப்ட் ரசிகைகள் மணி கோர்த்த கைவளையங்களைச் செய்துவந்து முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்கிறார்கள். பிடிஎஸ் ரசிகைகள் ‘ஆர்மி பாம்’ என்னும் விளக்குக் குச்சியை அசைக்கிறார்கள். படம் தொடங்கும் முன் பாடகர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை அரங்க வாசலில் பகிர்ந்துகொள்கிறார்கள். பாட்டின் நடுவே குறிப்பிட்ட இடங்களில் ஏழு பேரின் இயற்பெயர்களையும் வரிசை பிசகாமல் ஒரே குரலில் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதை அவர்கள் ‘ஃபேன்சாண்ட்’ என்கிறார்கள். கொரிய வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்வதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பை வீட்டில் காட்ட இடமில்லை. பள்ளியில் காட்டினால் கிண்டல் செய்வார்கள். அது பயன்படும் ஒரே இடம் அந்த அரங்கம்தான்.

சித்தூர் தாலுகாவின் தமிழ்ப் பகுதியை அறிந்தவர்களுக்கு இதன் கனம் இன்னும் நன்றாகப் புரியும். வீட்டில் கொங்குச் சாயல் கொண்ட தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், பள்ளியில் சிலருக்குத் தமிழ்வழி, சிலருக்கு மலையாள வழி, மற்றவர்களுக்கு ஆங்கிலவழி என்று பிள்ளைகள் வளர்கிறார்கள். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் இதே பாலக்காட்டு மண்ணுக்காரர். கோயில் திருவிழாவில் ஒரு பக்கம் தமிழ் மெல்லிசைக் கச்சேரி, இன்னொரு பக்கம் மலையாள கானமேளா என்று இரண்டையும் கேட்டு வளர்வது இங்குள்ளவர்களின் வழக்கம். இப்படிப்பட்ட ஊரில் ஓர் அமெரிக்கப் பாடகியையோ கொரியக் குழுவையோ உயிராக நேசிக்கும் பெண், தெருவில் தனி ஆளாகத்தான் இருப்பாள். அவளுடைய தோழிகள் கைபேசிக்குள் இருக்கிறார்கள்; ஒருத்தி பொள்ளாச்சியில், ஒருத்தி ஒலவக்கோட்டில், ஒருத்தி உடுமலையில். ஒரே அரங்கில், ஒரே மாலையில், தமிழ் பேசும் பெண்ணும் மலையாளம் பேசும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் நின்று ஒரே பெயர்களைக் கூவும்போது, தன்னைப் போல் இத்தனை பேர் உண்டு என்பதை அவள் கண்ணால் பார்க்கிறாள். படத்தின் தரம் எப்படி இருந்தாலும், அவள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நேரடி நிகழ்ச்சிகளுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதையும் நான் குறைசொல்ல மாட்டேன். 2023 செப்டம்பரில் சென்னை புறநகரில் நடந்த ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களிடம் அத்துமீறல் நடந்ததாகப் புகார்கள் எழுந்தன. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில், இசைநிகழ்ச்சி தொடங்கும் முன் ஏற்பட்ட நெரிசலில் 4 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே மாதம் பாலக்காடு கோட்டை மைதானத்தில் ராப் பாடகர் வேடனின் நிகழ்ச்சியில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்ப் பலர் காயமடைந்தார்கள். இவற்றுக்குப் பக்கத்தில், எண்ணிட்ட இருக்கையும் அவசர வழிகளும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உள்ள அரங்கில் பகல்காட்சி பார்ப்பது, பெற்றோர் மனமுவந்து சம்மதிக்கக்கூடிய ஏற்பாடு. பல வீடுகளில் அம்மாவோ அத்தையோ உடன் வந்து, பக்கத்துத் திரையில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு திரும்புவதும் உண்டு.

நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா என்றால், ஆகாது. பாடகி அன்று இரவு எதைப் பாடுவார் என்ற எதிர்பார்ப்பு படத்தில் இல்லை. கேமரா காட்டுவதைத்தான் பார்க்க முடியும். பின்னால் நிற்கும் தாளக் கலைஞரை இரண்டு நிமிடம் கவனிக்க வேண்டும் என்று தோன்றினால் வழியில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்ட மேடை நிகழ்ச்சியை 169 நிமிடமாகச் சுருக்கியதில் சில பாடல்கள் விடுபட்டன. அவற்றுள் மூன்றை வீட்டில் பார்க்கும் வடிவத்தில் 2023 டிசம்பரில் சேர்த்தார்கள். இன்னும் சில, 2024 மார்ச்சில் டிஸ்னி பிளஸில் வந்தபோது சேர்ந்தன. ஒரே படத்தை மூன்று முறை விற்கும் இந்த முறை ரசிகைகளின் அன்பைச் சற்று அதிகமாகவே பயன்படுத்திக்கொள்கிறது. இதை அந்த ரசிகைகளே உணர்ந்துதான் இருக்கிறார்கள்.

இனி எல்லைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். தமிழ்ப் படங்களின் விநியோகம் பகுதி பகுதியாக நடக்கிறது. கோவை ஒரு ஏரியா, சேலம் ஒரு ஏரியா. கேரள உரிமை தனியாக விற்கப்படுகிறது. விஜய் படம் கேரள விநியோகஸ்தர் வழியாகச் சிறிய ஊர்க் கொட்டகை வரை வந்துவிடுகிறது. அங்கே அதற்குக் கூட்டம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். கான்சர்ட் படத்துக்கு இப்படிப்பட்ட வழி கிடையாது. ஸ்விஃப்டின் படத்தை இந்தியாவில் வெளியிட்டது பிவிஆர் ஐநாக்ஸ் குழுமத்தின் விநியோகப் பிரிவு. திரையரங்கு நிறுவனமே விநியோகஸ்தராகவும் இருக்கும்போது, தன் திரைகள் இருக்கும் நகரங்களையே அது முதலில் கணக்கில் எடுக்கும். மாநில எல்லை அங்கே பொருட்டில்லை. மால் எங்கே இருக்கிறது என்பதே பொருட்டு. அதனால்தான் கேரளத்தின் வாக்காளரான ஒரு பெண்ணுக்குத் தமிழ்நாட்டின் கோவை பக்கத்து வீடாகிறது.

திரையரங்குகளுக்கு இதில் உள்ள ஆதாயமும் தெளிவானது. 2009இல் இந்திப் படத் தயாரிப்பாளர்களும் மல்டிப்ளெக்ஸ்களும் இரண்டு மாதம் மோதி எட்டிய உடன்பாட்டில், நிகர வசூலில் விநியோகஸ்தர் பங்கு முதல் வாரம் 50 விழுக்காடு, அடுத்து 42.5, பிறகு 37.5, அதன்பின் 30 என்று குறைந்துவரும்படி வைத்தார்கள். படம் பல வாரம் ஓடினால்தான் அரங்குக்கு இலாபம் கூடும். இரண்டு மூன்று நாளே ஓடும் கான்சர்ட் படத்தில் அந்தக் கணக்கு வேலை செய்யாது. அங்கே உதவுவது கூடுதல் டிக்கெட் விலையும், சாதாரண வாரத்தில் வெறுமையாகக் கிடக்கும் காட்சி நேரங்கள் நிரம்புவதும், பாப்கார்ன் விற்பனையும்தான். ரசிகைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு காட்சியை முழுதாகவே பேசி வாங்கிவிட்டால், நிர்வாகத்துக்கு இழப்பு வரும் என்ற பயமே இல்லை.

பாலக்காட்டிலும் சித்தூரிலும் உள்ள அரங்குகளில் இப்படிப்பட்ட காட்சியை நடத்தத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. படம் இப்போது பெட்டியில் வரும் பிலிம் சுருள் அல்ல. பூட்டப்பட்ட டிஜிட்டல் கோப்பு. அதைத் திறக்கும் சாவி, குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் செல்லுபடியாகும்படி அனுப்பப்படுகிறது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு காட்சிக்குச் சாவி கொடுப்பது முடியாத காரியம் அல்ல. தேவைப்படுவது இரண்டு: குறைந்தபட்சத் தொகைக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும்; கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று விநியோகஸ்தருக்குத் தெரியவேண்டும். முதலாவதைச் செய்யக்கூடிய ரசிகர் மன்றங்கள் விஜய்க்கும் மோகன்லாலுக்கும் இருக்கின்றன. கான்சர்ட் படங்களின் ரசிகைகளுக்கு இந்தப் பகுதியில் கைபேசிக் குழுக்கள் உண்டு. பணம் சேர்த்து, அரங்க உரிமையாளரிடம் நேரில் போய்ப் பேசும் அளவுக்கு அவை அமைப்பாகவில்லை. பேசப் போகிறவர்கள் டிக்கெட் விலையை விடக் காட்சி நேரத்தை முதலில் கேட்பது நல்லது. மூன்று மணி நேரப் படம் பகல் ஒரு மணிக்குத் தொடங்கினால், வடகரப்பதியிலிருந்தும் எருத்தேம்பதியிலிருந்தும் வரும் பிள்ளைகள் இருட்டும் முன் பேருந்து பிடித்துவிடலாம். ஆறு மணிக்குத் தொடங்கினால் அவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள்.